எம்டனுக்குக் கரி தந்த கப்பல்கள்

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைக்கு எதிரே கடலில் வந்து நின்று குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றித் தமிழர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் அன்று பற்றி எரிந்தன. குண்டு விழுந்ததைச் சொல்லும் கல் உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கிறது. பிடிகொடுக்காத கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்று அழைக்கும் வழக்கு நூறாண்டு கடந்தும் நம் பேச்சில் இருக்கிறது. ஆனால் ‘மார்க்கோமானியா’ என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? அந்தக் கப்பல் பின்தொடர்ந்து வந்திராவிட்டால் எம்டன் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்திருக்கவே முடியாது. அதில் பெரிய பீரங்கி கிடையாது, கவசத் தகடு கிடையாது. அதன் வயிறு நிறைய இருந்தது நிலக்கரி. இன்று நான் பேச வந்தது இத்தகைய கப்பல்களைப் பற்றி. ஒரு கடற்படை எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை நாள் அங்கே நிற்கலாம் என்பதைத் தீர்மானிப்பவை இவைதாம் என்பது என் வாதம். இவற்றை ‘துணை’ என்ற பெயரில் கணக்கின் ஓரத்தில் எழுதிவைக்கும் பழக்கம், போரைப் புரிந்துகொள்வதிலும் கடற்படையைக் கட்டுவதிலும் பிழையான முடிவுகளுக்கு வழிவிட்டிருக்கிறது என்பதையும் சொல்லப்போகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கடற்படைகளில் இவற்றுக்கு வழங்கும் பொதுப்பெயர் ‘ஆக்ஸிலரி’. தமிழில் துணைக்கப்பல் என்கிறோம். பாய்மரக் காலத்தில் உணவு கொண்டுபோன கப்பலுக்கு ஒரு பெயர், கரிக் காலத்தில் கரிக்கப்பலுக்கு ஒரு பெயர், எண்ணெய் வந்த பிறகு டேங்கருக்கு ஒரு பெயர் என்று தனிப்பெயர்கள் மாறிவந்தாலும், எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த சொல் இதுதான். பிரிட்டன் 1905-இல் தன் கடற்படையின் விநியோகக் கப்பல்களைத் தனி அமைப்பாக்கி ‘ராயல் ஃப்ளீட் ஆக்ஸிலரி’ என்று பெயரிட்டது. அதில் வேலை செய்பவர்கள் சிவிலியன் மாலுமிகள். அமெரிக்காவிலும் எண்ணெயும் உணவும் வெடிமருந்தும் சுமக்கும் கப்பல்களைப் பெரும்பாலும் சிவிலியன்களே ஓட்டுகிறார்கள். அதனால் அவற்றின் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளும் போர்க்கப்பல்களுக்கு உரியவற்றிலிருந்து வேறுபடும். இந்தியாவில் டேங்கர்கள் ஐ.என்.எஸ். என்ற அடைமொழியோடு கடற்படைக் கப்பல்களாகவே இயங்குகின்றன. இருந்தாலும் அவற்றின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களைப் பாருங்கள்: தீபக் ஏ 50, சக்தி ஏ 57, ஜோதி ஏ 58, ஆதித்யா ஏ 59. அந்த ‘ஏ’ ஆக்ஸிலரியின் முதல் எழுத்து. ஒரு குழப்பத்தையும் இங்கேயே நீக்கிவிடுகிறேன். பயணிகள் கப்பலிலோ சரக்குக் கப்பலிலோ பீரங்கி ஏற்றிப் போருக்கு அனுப்பினால் அதையும் ‘ஆக்ஸிலரி குரூசர்’ என்பார்கள். அது சண்டையிடும் கப்பல். நான் பேசுவது, பிற கப்பல்களுக்குச் சோறும் நீரும் எரிபொருளும் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட கப்பல்களை மட்டும்.

பாய்மரக் கப்பலுக்கு எரிபொருள் தேவையில்லை. காற்று இலவசம். ஆகவே அந்தக் காலத்தில் விநியோகக் கப்பல் அவ்வளவு முக்கியமாக இருந்திருக்காது என்று தோன்றும். நடந்தது வேறு. 1740 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் ஆன்சன் ஆறு போர்க்கப்பல்களோடும், உணவு சுமந்த இரண்டு சிறு கப்பல்களோடும் இங்கிலாந்திலிருந்து பசிபிக் கடலுக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 1,900 பேர் போனார்கள். அவர்களில் சுமார் 1,400 பேர் மாண்டார்கள். எதிரியின் கையால் செத்தவர்கள் நான்கே பேர். மற்றவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை ஸ்கர்வி என்ற ஊட்டக்குறை நோயும் காய்ச்சலும். கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, குற்றுயிராக யுவான் ஃபெர்னாண்டஸ் தீவில் ஒதுங்கிய அந்தப் படைக்கு, வழியில் பிரிந்துபோன உணவுக் கப்பல் ‘அன்னா’ 1741 ஆகஸ்டில் வந்து சேர்ந்தது. சிலியின் கரையோரத்தில் ஓர் ஒதுக்கிடம் கண்டு தங்கி இளைப்பாறி வந்ததால், அதன் ஆட்கள் போர்க்கப்பல்களில் இருந்தவர்களைவிட நல்ல உடல்நிலையில் இருந்தார்கள். கடலோட்டத்துக்கு இனி உதவாது என்று கண்டு அன்னாவை அங்கேயே பிரித்துவிட்டார்கள். அது சுமந்து வந்த மாவும் இறைச்சியும்தான் மிஞ்சியவர்களை மேற்கொண்டு நடத்தின. இதே ஆன்சன், பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் 1759-ஆம் ஆண்டு வந்தது. அட்மிரல் ஹாக் பிரெஞ்சுப் படையை பிரெஸ்ட் துறைமுகத்துக்குள் அடைத்து, கோடை தொடங்கி நவம்பர் வரை வெளியே காவல் நின்றார். அதற்கு முன் எந்தப் பெரிய படையும் அவ்வளவு மாதம் கடலில் நின்று நோயின்றித் திரும்பியதில்லை. இந்த முறை உயிருள்ள மாடுகளையும் முட்டைக்கோசையும் டர்னிப் கிழங்கையும் பீர் பீப்பாய்களையும் ஏற்றிய கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து நடுக்கடலுக்கு முறை வைத்து வந்துகொண்டிருந்தன. ஸ்கர்வி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், கப்பல்களில் அடைபட்டிருந்த 14,000 பேர் அத்தனை மாதமும் நலமாக இருந்ததை வியந்து பதிவு செய்தார். நவம்பர் 20-இல் கிபரோன் விரிகுடாவில், புயலுக்கு நடுவில் பிரெஞ்சுப் படையை ஹாக் முறியடித்தார். வரலாற்று நூல்கள் அவருடைய துணிச்சலைப் பேசுகின்றன, அதில் தவறில்லை. ஆனால் அன்று பாய் இழுக்கவும் பீரங்கி இழுக்கவும் தெம்பான கைகள் இருந்ததற்குக் காரணம் அந்த மாட்டுக் கப்பல்கள்.

நீராவி வந்ததும் நிலைமை இன்னும் கடுமையாயிற்று. உணவு மாதக்கணக்கில் வரும். கரி நாள்கணக்கில் தீரும். அதைக் கடலின் நடுவே ஏற்றுவது படாதபாடு. இரண்டு கப்பல்களும் அலையில் ஆடிக்கொண்டிருக்கும்போது மூட்டை மூட்டையாகக் கைமாற்ற வேண்டும். ஆகவே காற்றடங்கிய ஒதுக்கிடம் வேண்டும். அது தன்னுடையதாகவோ நட்பு நாட்டினுடையதாகவோ இருக்க வேண்டும். 1904 அக்டோபரில் பால்டிக் கடலிலிருந்து அட்மிரல் ரோஷெஸ்ட்வென்ஸ்கியின் ரஷ்யப் படை ஜப்பானை எதிர்க்கக் கிளம்பியது. ஏறக்குறைய 18,000 கடல் மைல் தூரம். வழியில் ரஷ்யாவுக்குச் சொந்தமான கரி நிலையம் ஒன்றுகூட இல்லை. பிரிட்டன் ஜப்பானின் கூட்டாளி. பிரான்ஸ் ரஷ்யாவின் கூட்டாளி என்றாலும் நடுநிலைச் சட்டத்துக்கு அஞ்சித் தன் துறைமுகங்களில் அதிக நாள் தங்கவிடவில்லை. இந்தப் படையை நகர்த்தியது ஹாம்பர்க்–அமெரிக்கா என்ற ஜெர்மன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கரிக்கப்பல் வரிசை. முழுப் பயணத்துக்கும் சுமார் 5 லட்சம் டன் கரி வேண்டியிருந்தது. அடுத்த கரி எப்போது, எங்கே கிடைக்கும் என்ற நிச்சயமில்லாததால், கிடைத்தபோதெல்லாம் மேல்தளத்திலும் அதிகாரிகளின் அறைகளிலும்கூடக் கரியைக் குவித்தார்கள். கப்பல்கள் அளவுக்கு மீறிக் கனத்து நீரில் தாழ்ந்தன. மடகாஸ்கரில் வெப்பத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்தியப் பெருங்கடலைக் கடக்கும்போது நடுக்கடலில் நிறுத்திப் படகுகள் மூலம் கரி ஏற்றினார்கள். 1905 மே 27-இல் சூஷிமா நீரிணைக்கு வந்து சேர்ந்தபோது ஆட்கள் களைத்திருந்தார்கள், கப்பல்களின் அடிப்பாகம் பாசி படர்ந்து வேகம் குறைந்திருந்தது. ஜப்பானியர்களின் குறிபார்க்கும் திறமையும் அவர்களுடைய அட்மிரல் டோகோவின் தலைமையும் அவர்களைத் தோற்கடித்தன என்பது உண்மை. ஆனால் எந்த நிலையில் அவர்கள் போர்க்களத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கரிக்கணக்கு ஏற்கெனவே எழுதிவைத்திருந்தது. பிரச்சினை ரஷ்யாவுக்கு மட்டும் உரியதும் அன்று. 1907 டிசம்பரில் தொடங்கி உலகைச் சுற்றி வந்த பதினாறு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் தங்கள் நாட்டின் வலிமையைக் காட்டப் புறப்பட்டவை. அவற்றுக்குக் கரி கொண்டுவந்த கப்பல்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் கொடி பறக்கவிட்டவை. பிரிட்டனோடு ஒரு மனத்தாங்கல் வந்திருந்தால் அந்த ஊர்வலம் பாதி வழியில் நின்றிருக்கும்.

இந்தப் பின்னணியோடு எம்டனிடம் திரும்புவோம். எம்டனின் கரிக்கிடங்கில் சுமார் 790 டன் கொள்ளும். பன்னிரண்டு நாட் வேகத்தில் நிதானமாக ஓடினால் அது ஏறக்குறைய 3,700 கடல் மைலுக்குப் போதும். அதாவது இரண்டு வாரத்துக்கும் குறைவு. வேகமாக ஓடினால் அதிலும் பாதி மிஞ்சாது. ஆனால் கேப்டன் கார்ல் ஃபோன் முல்லர் பசிபிக் கடலின் பாகன் தீவில் தன் அட்மிரலை விட்டுப் பிரிந்தது 1914 ஆகஸ்ட் 14. எம்டன் அழிந்தது நவம்பர் 9. இடைப்பட்ட மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் அதற்கு ஒரு சொந்தத் துறைமுகமும் கிடையாது. இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களைப் பிடித்தது, சென்னையில் குண்டு வீசியது, பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் குரூசர் ஒன்றை மூழ்கடித்தது. இவை அனைத்தும் மாற்றி மாற்றிக் கிடைத்த கரியால் நடந்தவை. தொடக்கத்தில் மார்க்கோமானியா உடன் வந்தது. செப்டம்பர் 10-இல் வங்காள விரிகுடாவில் ‘போன்டோபோரஸ்’ என்ற கிரேக்கக் கப்பல் சிக்கியது. அதில் சுமார் 6,500 டன் இந்தியக் கரி இருந்தது. இந்தியக் கரி புகை அதிகம் கக்கும். ஒளிந்து திரிய வேண்டிய கப்பலுக்குப் புகை எதிரி. அதனால் முல்லருக்கு அது திருப்தி தரவில்லை. செப்டம்பர் 27-இல் ‘புரெஸ்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் கிடைத்தது. பிரிட்டிஷ் கடற்படைக்காகவே கிழக்கே போய்க்கொண்டிருந்த ஆறாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட கார்டிஃப் கரி, அன்றைய உலகின் முதல்தரக் கரி, அதில் இருந்தது. பிரிட்டனின் கரியை எரித்தே பிரிட்டனின் வணிகக் கப்பல்களை எம்டன் வேட்டையாடியது. அக்டோபர் தொடக்கத்தில் டியகோ கார்சியா தீவுக்குப் போய்க் கரி ஏற்றியது. போர் மூண்ட செய்தியே அந்தத் தீவுக்கு எட்டியிருக்கவில்லை. அதே அக்டோபர் 12-இல் சுமத்ரா பக்கத்தில் பிரிட்டிஷ் குரூசர் ‘யார்மத்’ மார்க்கோமானியாவையும் போன்டோபோரஸையும் கண்டுபிடித்துவிட்டது. எம்டனின் கையில் எஞ்சியவை புரெஸ்க்கும், பிறகு பிடித்த ‘எக்ஸ்ஃபோர்ட்’ என்ற கரிக்கப்பலும் மட்டுமே. கோகோஸ் தீவில் கம்பியில்லாத் தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கிய நவம்பர் 9 காலை, கரி ஏற்றுவதற்காகப் புரெஸ்க்கை அங்கேயே வரச்சொல்லி முல்லர் செய்தி அனுப்பியிருந்தார். தொடுவானில் புகை தெரிந்தபோது காவலில் இருந்தவர்கள் அது புரெஸ்க் என்றே எண்ணினார்கள். வந்தது ஆஸ்திரேலியக் குரூசர் ‘சிட்னி’. அதை அடையாளம் கண்டுகொண்டபோது கரையில் இறங்கியவர்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ளக்கூட நேரமில்லை. கரிக்கப்பலுக்காக விழி வைத்துக் காத்திருந்த நேரத்தில் எம்டனின் கதை முடிந்தது. முல்லரின் திறமையை இதனால் நான் குறைத்துப் பேசவில்லை. கரியைக் கணக்குப் பார்த்துத் தன் வழியை அமைத்துக்கொண்டதுதான் அந்தத் திறமையின் பெரும்பகுதி என்கிறேன்.

எண்ணெய் வந்ததும் ஒரு வாசல் திறந்தது. எண்ணெயைக் குழாய் வழியே பாய்ச்சலாம். மூட்டை தூக்க வேண்டாம். 1917 மே மாதம் அமெரிக்க எண்ணெய்க் கப்பல் ‘மாமீ’, அட்லாண்டிக் நடுவே ஓடிக்கொண்டிருந்தபடியே, அயர்லாந்துக்குப் போகும் நாசகாரிக் கப்பல்களுக்கு எண்ணெய் கொடுத்தது. அதற்கான முறையை வகுத்தவர்களில் முக்கியமானவர் அக்கப்பலில் இருந்த இளம் அதிகாரி செஸ்டர் நிமிட்ஸ். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவின் பசிபிக் கடற்படைக்குத் தளபதியாக இருந்தவர். இன்றும் அடிப்படை முறை அதுதான். நெருங்கிப் பார்த்தால் அதன் கடினம் விளங்கும். டேங்கர் ஒரே திசையில், பன்னிரண்டு பதின்மூன்று நாட் வேகத்தில், சிறிதும் மாறாமல் போய்க்கொண்டிருக்கும். எண்ணெய் வாங்க வரும் கப்பல் பின்னாலிருந்து மெல்ல நெருங்கி அதன் பக்கத்தில், சுமார் 150 அடி இடைவெளியில், அதே வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மெல்லிய நூலைத் துப்பாக்கியால் சுட்டு அனுப்புவார்கள். அந்த நூலைக் கட்டி இழுத்தால் கயிறு, கயிற்றை இழுத்தால் எஃகு வடம், வடத்தில் தொங்கியபடி வரும் கனத்த குழாய். இரு கப்பல்களுக்கு இடையே நீர் குறுகிய வழியில் விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து, இரண்டும் ஒன்றையொன்று உறிஞ்சி இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் அரைப் பாகை பிசகினாலும் மோதல்தான். அலை தூக்கும்போதும் இறக்கும்போதும் வடம் அறுந்துபோகாமல் இறுக்கத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இயந்திரம் டேங்கரில் இருக்கும். இடைவெளியை அளக்க இரு கப்பல்களுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அதில் இருபது அடிக்கு ஒன்றாகப் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று நிறக்கொடிகள் தொங்கும். கப்பலின் கட்டளை மேடையில் நிற்கும் கேப்டன் கொடியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே ஆணையிடுவார். இப்படி மணிக்கணக்கில், சில வேளை இருட்டில், சில வேளை டேங்கரின் இரு பக்கமும் இரண்டு கப்பல்களை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். ஏதாவது தவறினால் சில நொடிகளில் எல்லாவற்றையும் விடுவித்து விலகவும் தயாராயிருக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த மாலுமியை ஓராண்டில் உருவாக்க முடியாது. இத்தகைய வேலையைத் ‘துணை’ வேலை என்று பட்டியலிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது ஒன்று உண்டு. விநியோகக் கப்பல் எளிதில் அடிபடும். வேகம் குறைவு, உடல் பெரிது, வயிற்றில் எண்ணெயும் வெடிமருந்தும். அத்தகைய பொருளின் மேல் ஒரு படையின் உயிரையே தொங்கவிடலாமா என்று கேட்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி இதை அனுபவித்தது. நீர்மூழ்கிகளுக்கு நடுக்கடலில் எண்ணெய் கொடுக்கவென்றே பத்துப் பெரிய நீர்மூழ்கிகளைக் கட்டியது. மாலுமிகள் அவற்றைக் ‘கறவைப் பசு’ என்றார்கள். 1944 நடுவுக்குள் பத்தும் மூழ்கின. 1941 மே மாதம் ‘பிஸ்மார்க்’ மூழ்கியதைப் பற்றிப் பெரிய நூல்கள் இருக்கின்றன. அது நார்வேயில் நின்ற நாளில் எண்ணெயை நிரப்பிக்கொள்ளாமல் கிளம்பியதும், பிறகு முகப்பில் குண்டு பட்டு அங்கிருந்த எண்ணெய் கைக்கு எட்டாமல் போனதும், வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிரான்ஸை நோக்கித் திரும்ப வேண்டிவந்ததும் அதன் முடிவைப் பெரிதும் நிர்ணயித்தன. அடுத்த மாதம் பிரிட்டிஷ் கடற்படை, இப்படிப்பட்ட ஜெர்மன் கப்பல்களுக்காக அட்லாண்டிக்கில் காத்திருந்த டேங்கர்களையும் விநியோகக் கப்பல்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்தது. அதன்பின் பெரிய ஜெர்மன் போர்க்கப்பல் எதுவும் அந்தப் பெருங்கடலில் வணிகக் கப்பல் வேட்டைக்கு மறுபடி வரவில்லை. எதிர்ப்பாளர்கள் காட்டும் இந்தச் சான்றுகள் அனைத்தையும் நான் ஏற்கிறேன். ஆனால் அவை என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கின்றன. ஜெர்மனியின் ரகசியக் குறியீட்டை உடைத்துக் கிடைத்த அரிய தகவலைப் பிரிட்டனும் அமெரிக்காவும் எதன் மேல் செலவிட்டன? இந்த விநியோகக் கப்பல்களின் மேல். எங்கே வெட்டினால் முழு மரமும் சாயும் என்று எதிரிக்குத் தெரிந்திருந்தது. அடிபடக்கூடியது என்பதால் அதை நம்பக்கூடாது என்று முடிவுகட்டினால், கடற்படை தன் கரையை விட்டு நகரவே கூடாது. சரியான முடிவு, அதற்குப் போதிய காவல் கொடுப்பதும், ஒன்று போனால் இன்னொன்று இருக்கும்படி எண்ணிக்கையைக் கூட்டுவதும்தான்.

இன்னொரு வாதம், நண்பர்களுடைய துறைமுகங்கள் இருக்கும்போது மிதக்கும் கிடங்கு எதற்கு என்பது. அணுசக்தியால் ஓடும் கப்பல்கள் வந்த பிறகு இந்தப் பேச்சே பழையது என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அணுசக்தியை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் அணு உலையால் ஓடுகின்றன. எரிபொருளைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் அவற்றின் தளத்திலிருந்து பறக்கும் விமானங்கள் எண்ணெய் குடிக்கின்றன. ஐயாயிரம் பேர் மூன்று வேளை சாப்பிடுகிறார்கள். சுற்றிக் காவல் வரும் நாசகாரிகள் அனைத்தும் எண்ணெயில் ஓடுகின்றன. ஆகவே அந்தக் கப்பலுக்கும் சில நாட்களுக்கு ஒருமுறை விநியோகக் கப்பல் வந்தாக வேண்டும். துறைமுகத்தைப் பொறுத்தவரை, அது இன்னொருவருடைய வீடு. கதவைத் திறப்பதும் மூடுவதும் அவர் விருப்பம் என்பதை ரோஷெஸ்ட்வென்ஸ்கி கண்டார். திறந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி அமெரிக்க நாசகாரி ‘கோல்’ ஏடன் துறைமுகத்தில் எண்ணெய் வாங்கிக்கொண்டு நின்றபோது, வெடிமருந்து ஏற்றிய ஒரு சிறு படகு பக்கத்தில் வந்து வெடித்தது. பதினேழு மாலுமிகள் இறந்தார்கள். சூயஸ் கால்வாயைக் கடந்து தனியாக வந்துகொண்டிருந்த அந்தக் கப்பலுக்குப் பக்கத்தில் எண்ணெய் கொடுக்க டேங்கர் இல்லை. அதனால்தான் அது ஏடனில் கட்டப்பட்டிருந்தது. கடலில் எண்ணெய் வாங்கும் கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எங்கே, எப்போது என்பதை அதன் தளபதி தீர்மானிக்கிறார். துறைமுகத்தில் வாங்கும் கப்பல் அறிவித்த இடத்தில் அறிவித்த நேரத்தில் அசையாமல் நிற்கிறது.

பணம் குறைவாக உள்ள நாடு முதலில் பீரங்கிக் கப்பல்களைத்தானே வாங்க வேண்டும், எண்ணெய்க் கப்பல் தனியாகப் போரில் வெல்லுமா என்றும் கேட்கலாம். வெல்லாது. போர்க்கப்பல் இல்லாத கடற்படையில் டேங்கருக்கு வேலையே இல்லை என்பதும் மெய். ஆனால் செலவுக் கணக்கை வேறு விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டும். ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரை எதிர்த்து இந்தியக் கடற்படை 2008 அக்டோபர் முதல் தொடர்ந்து காவல் வைத்திருக்கிறது. அங்கே எப்போதும் ஒரு கப்பல் நிற்க வேண்டுமென்றால், போகும் வழியில் ஒன்று, நிற்பது ஒன்று, திரும்பும் வழியில் ஒன்று, பழுதுபார்ப்பில் ஒன்று என்று பல கப்பல்களைக் கட்டிப்போட வேண்டும். நிற்கும் கப்பலுக்கு அங்கேயே எண்ணெயும் உணவும் கிடைத்தால் அது நிற்கும் நாட்கள் கூடும். போக்குவரத்தில் வீணாகும் கப்பல்கள் குறையும். ஆகவே ஒரு டேங்கரை வாங்குவது, ஏற்கெனவே இருக்கும் போர்க்கப்பல்களிலிருந்து கூடுதல் நாட்களை வாங்குவது. பணம் குறைந்த நாட்டுக்கே இந்தக் கணக்கு அதிகம் பொருந்தும்.

இந்தியாவின் சொந்த அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு கராச்சியைத் தாக்கிய ஏவுகணைப் படகுகள் துறைமுகக் காவலுக்கென்று வடிவமைக்கப்பட்டவை. தூரம் போகும் திறன் அவற்றுக்குக் குறைவு. அந்தத் தாக்குதலுக்குப் புறப்பட்ட குழுவில் ‘போஷக்’ என்ற டேங்கரும் இருந்தது. நிப்பத், நிர்காட், வீர் என்ற படகுகளின் பெயர்கள் ஒவ்வொரு கடற்படை நாளிலும் சொல்லப்படுகின்றன. போஷக்கின் பெயரையும் அந்த வரிசையில் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று இந்தியாவிடம் பெரிய விநியோகக் கப்பல்கள் நான்கு. ஜோதி ரஷ்யாவில் கட்டியது. தீபக்கும் சக்தியும் இத்தாலியில் கட்டி 2011-இல் சேர்ந்தவை. கொல்கத்தாவில் கட்டிய ஆதித்யா 2000-இல் சேர்ந்தது. கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பெரும் படைப்பிரிவுகள், இரண்டு விமானந்தாங்கிகள், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மலாக்கா நீரிணை வரை காவல். இவ்வளவுக்கும் நான்கு. அதில் ஒன்று எப்போதும் பழுதுபார்ப்பில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் மூன்று. ஒவ்வொன்றும் சுமார் 44,000 டன் எடையில் ஐந்து புதிய கப்பல்களுக்கு ஏறக்குறைய 19,000 கோடி ரூபாயில் விசாகப்பட்டினத்தின் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தோடு 2023 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எட்டு ஆண்டுகளில் கட்டிமுடிக்கத் திட்டம். அந்த வேலையில் ஒரு பகுதி சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்கு வந்திருக்கிறது. அதே காட்டுப்பள்ளியில்தான் 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் விநியோகக் கப்பல் ‘சார்லஸ் ட்ரூ’ பழுதுபார்க்க வந்து நின்றது. இந்தியத் தளம் ஒன்றுக்கு அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்ப்புக்கு வந்தது அதுவே முதல் முறை. கப்பலின் அடித்தளத்தில் தகடு ஒட்டும் நம் ஊர்த் தொழிலாளிகளும், அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பாலிடெக்னிக் ஆசிரியர்களும், இந்த வகைக் கப்பலின் குழாய்களையும் வடம் இழுக்கும் இயந்திரங்களையும் கையால் தொட்டு அறியும் வாய்ப்பு நம் கரைக்கு வந்திருக்கிறது. கடற்படைக்கு எத்தனை போர்க்கப்பல் வந்தது என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் எண்ணி எழுதுகின்றன. அந்தப் பட்டியலின் பக்கத்திலேயே, அவற்றை எத்தனை நாள் கடலில் நிறுத்த நம்மால் முடியும் என்ற எண்ணையும் எழுதும்படி அவர்களையும், நிதி ஒதுக்கும் நாடாளுமன்றக் குழுக்களையும் நான் கேட்டுக்கொள்கிறேன்.